பாதியில் நின்று இறங்கும் கதவு

அம்மாவின் தோள்மூட்டு இறுகிப்போன ஆண்டில்தான் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கராஜ் கதவுக்கு மோட்டார் பூட்டுவதென்று முடிவானது. களுபோவில ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், தோளுக்கு மேலே கையை உயர்த்தி எதையும் தூக்கவோ இழுக்கவோ கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமைக்கலாம், துணி மடிக்கலாம், கார் ஓட்டலாம், ஓர்கன் வாசிக்கலாம். கராஜின் இரும்பு ஷட்டரை மட்டும் தூக்க முடியாது. அந்த ஷட்டருக்கு உள்ளேதான் கார் நின்றது.

அம்மா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து எவ்வளவோ காலமாகியும், ஞாயிறு விடிகாலைத் தமிழ்ப் பூசைக்கு, தாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கே போவார். அங்கே ஓர்கன் வாசிப்பவரும் அவரே. அப்பா விட்டுச்சென்ற பழைய மொரிஸ் மைனரைத் தாமே ஓட்டிக்கொண்டு, காலி வீதியின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, இருள் பிரியுமுன்னே போய்ச் சேர்ந்துவிடுவார். கொழும்பில் தமிழர்கள் காரணமில்லாமல் வெளியே போவதைத் தவிர்த்த ஆண்டுகள் அவை. அம்மாவுக்கு அந்த ஒரு காரணம் இருந்தது. அது அவரை வாரம் முழுவதும் நிமிர்த்தி வைத்திருந்தது.

தோள் இறுகிய பின்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எழுந்து ஷட்டரைத் தூக்கிவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் நான் ஹட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டப்புறப் பாடசாலைகளைப் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், பட்டம் பெற்ற பின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த அங்கிள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கனடாவிலுள்ள மகளிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவர், கதவைத் தாம் திறந்துவிடுவதாகச் சொன்னார். அம்மா நன்றி சொல்லிவிட்டு, அவர் மேலே போனதும் என்னிடம் திரும்பினார்.

“விசா வந்தா அவர் போயிடுவார். வராட்டி வயசு போயிடும். எப்பிடிப் பார்த்தாலும் என்ட கதவை நான்தான் திறக்கோணும், மகள்.”

இன்னொரு காரணமும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் புதிதாக ஒரு பொடியன் கீபோர்டுடன் வந்திருந்தான். அம்மா போகாத ஒரு ஞாயிறு அவன் வாசித்தான். அந்தக் கருவியில் ஒரு பொத்தானை அமத்தினால் தானாகவே மேளம் அடிக்குமாம். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று சனம் பாடும்போது பின்னால் டிஸ்கோ அடித்ததாகப் பாடகர் குழுவில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. “பொடியன் நல்லாத்தான் வாசிப்பானாம்” என்றார். அவருடைய குரலில் இருந்ததை நான் கேட்டேன். ஹட்டனுக்குப் போகுமுன் அந்தக் கதவுக்கு ஒரு வழி செய்யாமல் போவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

மோட்டார் வாங்குவதென்றால் மருதானை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரும்புச் சாமான் விற்கும் தெருவில், ஷட்டர் வேலைகள் செய்யும், நானா என்று எல்லோரும் அழைக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்கு அம்மாவும் நானும் போனோம். அவர் முதலில் காட்டியது, கூரையில் நீளமான தண்டவாளம் பூட்டி, கதவை ஒரே பலகையாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வெளிநாட்டு வகை. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் கதவு சுருண்டு மேலே போகிற கதவு. அதற்கு இது பொருந்தாது. விலையும் அம்மாவின் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அடுத்ததாக, சுருள் கதவுக்குப் பக்கத்தில் பூட்டும் மோட்டார் ஒன்றைக் காட்டினார். ஏதோ ஒரு பெரிய கடையைக் கழற்றியபோது வந்ததாம். பாவித்தது, ஆனால் பலமானது. கூடவே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தார்.

“இது ரிமோட். கார்ல இரிந்தே அமத்தினாச் சரி. மழையில நனையத் தேவல்ல.”

அம்மா அதைக் கையில் எடுக்காமலே பார்த்தார். “நானா, நான் தமிழ் ஆள். விடியக் காலையில வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்குத் தனியக் கார் ஓடிக்கொண்டு போறன். செக்பொயின்ட்ல ஹேண்ட்பேக்கைத் திற எண்டுவான். உள்ளுக்க இது கிடந்தா அவன் என்ன நினைப்பான்?”

நானா ரிமோட்டை எடுத்து மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார். “அது உண்மதாம்மா. இப்ப எனக்கே பயமா இரிக்கி.”

ரிமோட் இல்லாமல், வாசல் தூணில் சாவி போட்டுத் திருப்புகிற சுவிட்ச் மட்டும் போதுமென்றால் விலை குறையும் என்றார். யுத்தம் எங்கள் வீட்டுக்குத் தந்த தள்ளுபடி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதன் பின்னர் என்னுடைய கேள்விகள் தொடங்கின. எந்தச் செயலையும் அதன் விளைவுகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கற்றிருந்தேன். கற்றதை நம்பவும் செய்தேன். மின்வெட்டு நேரத்தில் கதவை எப்படித் திறப்பது என்று கேட்டேன். எதிர்வீட்டு டியூஷன் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் யாராவது கதவுக்குக் கீழே ஓடினால் மோட்டார் நிற்குமா என்றேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடல். உப்புக்காற்றில் யன்னல் கொழுக்கிகளே ஆண்டுக்கொரு தடவை உக்கிவிடுகின்றன, மோட்டாரின் உள்ளுடம்பு என்ன ஆகும் என்றேன்.

“மிஸ் வக்கீலா?” என்று நானா அம்மாவிடம் கேட்டார்.

“இல்ல நானா, சமூகவியல் படிச்சவ.”

“அதான் பாத்தன். வக்கீல்னா இடையில மூச்சு விடுவாங்க.”

எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நானும் திருப்தியடைந்தேன். அந்தப் பலமான மோட்டாரையே எடுப்பதென்று முடிவாகி, சனிக்கிழமை முற்பகல் வேலை தெரிந்த கைவினைஞர், ஒரு பாஸ், வந்து பூட்டித் தருவதாக ஏற்பாடாயிற்று. நான் எடைபோட்ட விளைவுகளுள் சத்தம் இருக்கவில்லை.

இந்த இடத்தில், அக்காலத்துக் காலி வீதியின் வழக்கமொன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளவத்தையில் எங்களுக்குச் செய்தி முதலில் வருவது வானொலியாலோ பத்திரிகையாலோ அல்ல, ஷட்டராலே. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அது காதுகளில் ஊறிப்போன பழக்கம். பட்டப்பகலில் ஒரு கடையின் ஷட்டர் தடதடவென்று முழுவேகத்தில் விழுந்தால், பக்கத்துக் கடைக்காரர் காரணம் கேட்டு நிற்கமாட்டார்; தம்முடையதையும் இழுத்துவிடுவார். அதைக் கேட்டு அடுத்தவர், அதைக் கேட்டு அதற்கடுத்தவர். குண்டா, சுற்றிவளைப்பா, வெறும் வதந்தியா என்பதெல்லாம் உள்ளே இருந்துகொண்டு பிறகு விசாரிக்கும் விடயங்கள். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கொஞ்சம் உடுப்பு என்று ஒரு சிறிய பை தயாராக இருந்தது. அந்தப் பையை எடுப்பதற்கான மணியும் ஷட்டர்தான்.

சனிக்கிழமை பாஸ் வந்தார். நடுவயதுச் சிங்களவர், வாய் நிறைய வெற்றிலை. மோட்டாரைப் பூட்டி, வயர் இழுத்து, சாவி சுவிட்சைத் தூணில் பதித்து, எல்லாம் சரியா என்று பார்க்கக் கதவை ஒருமுறை மேலே ஏற்றினார், உறுமிக்கொண்டு ஏறிற்று. பிறகு இறக்கினார். பெரிய கடைக்கென்று செய்யப்பட்ட மோட்டார் அல்லவா! எங்கள் பழைய ஷட்டரைப் பிடித்துக் கீழே அறைந்தது. நிலம் அதிர்ந்தது. “ஹொந்தய்!”, நல்லது, என்று பாஸ் மகிழ்ச்சியோடு சொன்னார்.

கதவை மறுபடி ஏற்றிவிட்டு, நான் மோட்டாரின் மூடியில் தூசி துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒழுங்கை முனையில் இன்னொரு ஷட்டர் விழும் சத்தம் கேட்டது. அது பலசரக்குக் கடை. அங்கிருந்து காலி வீதிப் பக்கம், புடவைக் கடை. அதையடுத்து நகைக்கடையின் இரட்டை ஷட்டர். அதற்கப்பால் எண்ண முடியவில்லை, மழை நெருங்கி வருவதைப் போலல்ல, விலகிப் போவதைப் போல, தெஹிவளைத் திசையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு டியூஷன் மாஸ்டர் யன்னல்களை அடைத்தார். மேலே அங்கிள் படிகளில் இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. சாரத்தோடு, நெஞ்சோடு அணைத்த பையோடு நின்றார்.

“என்ன பிள்ளை, எங்கையாம்?”

“தெரியேல்ல அங்கிள். கடை எல்லாம் பூட்டுறாங்கள்.”

அம்மா குசினியில் இருந்து வந்தார், அகப்பையோடு. பாஸின் முகம் வெளிறியிருந்தது. “மொகத வுணே, நோனா?” என்ன நடந்தது என்று அவர் கேட்க, “தன்னே நே, பாஸ்” என்றார் அம்மா, தெரியாது. தெரியாதவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. “கதவைப் போடுங்க” என்று நான் சொன்னேன். பாஸ் சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே பாய்ந்தார். எங்கள் ஷட்டர் இரண்டாம் முறையும் பூமியை அறைந்தது. அதைக் கேட்டதும், சற்றுத் தயங்கிக்கொண்டிருந்த இரண்டொரு வீடுகளும் அடைபட்டன.

இருட்டில், மொரிஸ் மைனரைச் சுற்றி நால்வரும் நின்றோம். அம்மா உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பாஸுக்கு முதலில் கொடுத்தார்; அவர் மருதானைக்கு எப்படித் திரும்பிப் போவது என்ற கவலையில் சீனி கேட்க மறந்து குடித்தார். அங்கிள் தம் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துத் திருகினார். பாட்டுத்தான் போனது. “பாட்டுப் போட்டா பெரிய பிரச்சினை எண்டு அர்த்தம்” என்றார். “செய்தி போட்டாலும் அதைத்தானே சொல்லுவீங்கள், அண்ணை” என்றார் அம்மா.

அப்போது கராஜுக்குள் திறக்கும் வாசலோரம் இருந்த தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் பேசினார். பதுளைப் பக்கத்தில் இருந்து வந்து கடை போட்டவர்; உரக்கப் பேசுபவர், ஆதலால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, பத்தரமா இருக்கீங்களா? அங்கிட்டு என்னங்க பிரச்சன?”

“இங்கயா? இங்க ஒண்டுமில்லயே. நீங்க ஏன் கடையைப் பூட்டினீங்க?”

“நீங்க கதவப் போட்டீங்களே, அதாங்க போட்டேன்.”

“நீங்க பூட்டினதாலதானே நாங்க உள்ளுக்க இருக்கிறம்!”

“அப்பொ மொதல்ல யாருங்கம்மா சாத்துனது?”

அம்மா மெதுவாகத் திரும்பி மோட்டாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அங்கிளின் கக்கத்தில் இருந்த பையைப் பார்த்தார்; பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை. ரிசீவரைக் காரின் கூரைமீது வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்ப நான் படியில விழுந்தெழும்பி வந்தது உங்கட மோட்டாருக்கோ?” என்று அங்கிள் கேட்டார். “கனடாக்காரன் கேட்டா விசா தருவானோ, இல்லாட்டி இந்தாள் லூசு எண்டு கிழிப்பானோ?” பாஸுக்கு அம்மா சிங்களத்தில் விளக்கிச் சொன்னபோது, அவர் வெற்றிலையைத் துப்ப இடமில்லாமல் பட்ட பாடு தனி.

கதவைத் திறந்தோம். பலசரக்குக் கடை திறந்தது. ஆனால் காலி வீதி அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. மூடுவதற்கு ஒரு சத்தம் போதுமாயிருந்தது. திறப்பதற்கு ஆள் ஆளாய்ச் சொல்லிப் போக வேண்டியிருந்தது. நான் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கராஜ் கதவின் வரலாற்றை விளக்கினேன். பலரும் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். சந்தைப் பக்கமிருந்து ஒரு தாய், செருப்பில்லாமல், மூச்சிரைக்க ஓடிவந்தாள். எதிர்வீட்டு டியூஷன் வகுப்பில் இருந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் சொன்ன விளக்கம் அவள் காதில் ஏறவே இல்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டாள்.

அதை அம்மாவும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

“இது வேணாம் மகள். கழட்டிக் குடுத்துடுவம்.”

“அம்மா, சனத்துக்கு இப்ப தெரியும்தானே.”

“பகலில தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியாத நேரத்தில, நித்திரையில கிடக்கிற சனத்துக்கு என்ன தெரியும்? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நான் பூசைக்குப் போறதுக்கு ஊரைப் பயப்படுத்தவா?” பிறகு சொன்னார்: “பொடியனே வாசிக்கட்டும். மேளத்தை நிப்பாட்டச் சொல்லிச் சாமியாருக்கு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்.”

ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையும் ஓர் ஒழுங்கையின் நித்திரையும் ஒரே தராசில் ஏறினால் எது கனக்கும் என்பது அம்மாவைப் போலவே எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததனாலேயே ஹட்டன் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அன்று பின்னேரம் யோசித்தேன்.

அந்த யோசனையில் இருக்கும்போது பலசரக்குக் கடைக்காரர் வந்தார், கையில் ஒரு பிஸ்கட் பக்கற்றோடு. சண்டைக்கு வரவில்லை என்பதற்கு அடையாளம் அது.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. வியாபாரம் போனாப் போவுது. ஆனா ஒங்க கதவு விழுந்த விதம் இருக்கே, அசல் அந்த எண்பத்து மூணு சத்தங்க. நா ஷட்டரத் தொட்டது எனக்கே தெரியாது. ஒரே இழுவ!”

“நடுவில ஒருக்காவும் நிக்காதா?” என்று அம்மா கேட்டார்.

“நிக்கிறதா? அது நடுவுல நின்னா, நா அதுக்குக் கீழ பூந்து ஓடிருவேங்க. பயந்து சாத்துறவன் நிறுத்தி நிதானமாவா சாத்துவான்? ராவு கடையச் சாத்துறப்பதான் பாதில விட்டுட்டு, வெளிய வச்ச வாழக்கொல, கூட்டுற தும்புத்தடி எல்லாம் உள்ள எடுப்பேன்.”

அம்மா பிஸ்கட் பக்கற்றைக் கையில் வைத்தபடியே கதவை உற்றுப் பார்த்தார். பாடகர் குழுவில் எங்கே மூச்சு விடுவதென்று குறிப்புப் போடும்போதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

“அப்ப என்ட கதவு பாதியில நிக்கட்டும்” என்றார். “மெதுவா இறங்கி, பாதியில நிண்டு, பிறகு மிச்சம். அப்பிடிக் கேட்டா நீங்க ஓடமாட்டீங்கதானே?”

கடைக்காரர் கண்ணை மூடிக் கற்பனையில் கேட்டுப் பார்த்தார். “ஓட மாட்டேங்க. யாரோ தும்புத்தடி எடுக்கிறாங்கன்னு திரும்பிப் படுத்துக்குவேன்.”

திங்கட்கிழமை நாங்கள் மறுபடி மருதானையில் நின்றோம். இம்முறை நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: எது மிக மெதுவானது? நானா ஷட்டர் சுருளும் குழாய்க்குள்ளேயே அடங்குகிற, ஒல்லியான மோட்டார் ஒன்றை எடுத்துக் காட்டினார். பலம் குறைவு, அவசரம் கிடையாது, உறுமல் இல்லை. மின்வெட்டு வந்தால் இடுப்பளவில் நின்று சுழற்றுகிற கைப்பிடி உண்டு. தோளைத் தொந்தரவு செய்யாது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரைதான் கதவு நகரும், விட்டால் நின்றுவிடும். அதனால் அவசரக்காரர்கள் இதை வாங்குவதில்லை என்றும், கேட்பாரற்றுக் கிடப்பதால் விலையில் தாம் பிடிவாதம் பிடிக்கப்போவதில்லை என்றும் சொன்னார். ஓரங்களில் இரும்பு உரசாமல் இருக்கத் தடித்த நைலோன் பட்டியும் ஒட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். பழைய மோட்டாரைத் திருப்பி எடுக்க முகம் சுளிப்பார் என்று நான் பயந்திருந்தேன். நடந்ததைக் கேட்டதும் அவர் கடைக்கு உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டு, அம்மாவை இரண்டாம் முறை சொல்ல வைத்தார்.

“குடுங்கம்மா. தெஹிவள வரைக்கும் கட பூட்டின மோட்டார்னு சொல்லி, கூட வெலைக்கு விப்பன்.”

அந்த வாரம் முழுவதும் ஒழுங்கைக்கு ஒத்திகை நடந்தது. பகலில் கதவை இறக்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி இறக்கி அம்மா பழகினார். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அன்று செருப்பில்லாமல் ஓடிவந்த அந்தத் தாயையும் தேடிப்போய் அழைத்துவந்தேன். அவள் சிரிக்காமல், கவனமாக, இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். சந்தியில் இருந்த பொலிஸ் காவலரணுக்குப் போய், நான் முந்தின இரவு எழுதிப் பாடமாக்கிய சிங்களத்தில் விளக்கினேன். காவலர் முழுவதையும் கேட்டபின், “நோனா கோயிலுக்குப் போவதற்கா? போகட்டும்” என்றார், அவ்வளவுதான்.

ஞாயிறு விடியுமுன் நானும் குளித்து உடுத்து வந்து நின்றேன். அம்மா இசைப் புத்தகங்களைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ எங்க வெளிக்கிட்டனீ?”

“உங்களோடதான் அம்மா. முதல் நாள்தானே.”

“நீயும் வந்தா நான் தனியாப் போனன் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? போய்ப் படு, மகள்.”

கதவு அவசரமில்லாமல் மேலே போயிற்று. அம்மா காரை வெளியே எடுத்து நிறுத்தி, இறங்கி வந்து, தூணில் சாவியை இடுப்பளவில் வைத்துத் திருப்பினார். ஷட்டர் இறங்கி, பாதியில் நின்றது. ஒழுங்கை முழுவதும் அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்ததென்றே எனக்குத் தோன்றியது. எந்த யன்னலும் திறக்கவில்லை; எந்தப் பிள்ளையும் அழவில்லை. மேலே பல்கனியில் இருந்து அங்கிளின் குரல் மட்டும் வந்தது.

“பாதி நல்லாயிருக்கு, தங்கச்சி. மிச்சத்தையும் விடுங்கோ, நான் படுக்கோணும்.”

அம்மா மிச்சத்தையும் விட்டார். கார் காலி வீதியில் ஏறி இடப்பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். படுக்கவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தை வாசித்தேன்.

வெயில் ஏறிய பின் அவர் திரும்பி வந்தார். சேலையில் சாம்பிராணி வாசம். கை நோகவில்லையா என்று கேட்டேன்.

“கைக்கு ஒண்டுமில்ல” என்றார் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். “அந்தப் பொடியன் வந்திருந்தான். கீபோர்டைக் கொண்டுவரேல்ல. எனக்குப் பக்கத்தில நிண்டு பக்கம் புரட்டினான். நல்ல பிள்ளை, நேரத்துக்குப் புரட்டுறான். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறன்.”